வர்றேன்னு சொன்னவங்களுக்காக நின்ன மனுஷன்

மேடையில இருக்குற எங்க லைன் சங்கத்துத் தலைவர் ஸ்ரீகண்டன் சார் அவர்களே, பங்குச் சாமி அவர்களே, கடல் தாண்டியிருக்குற நாட்டுலேர்ந்து மாலையோட வந்திருக்குற தூதரகத்து ஐயா அவர்களே, ஃபேன் ஓடாத இந்த ஹால்ல வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்குற என் சொந்தபந்தங்களே, பிரேசர் டவுன் ஜனங்களே, எல்லாருக்கும் இந்த ஆஞ்சலா கும்புடறேன்.

படத்துல மாலையோட இருக்குறது நிலைத்தலைவர் அலெக்சாண்டர். எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அண்ணன். எனக்குப் பெரிய மாமா. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரும்மான்னு தலைவர் சொன்னாரு. என் வாய் எப்படின்னு அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பொறுத்துக்கணும். இன்னிக்கி நான் அழறதுக்கு மட்டும் இந்த மைக்கு முன்னாடி வரலை. உங்க எல்லாரையும் கெஞ்சறதுக்கு வந்திருக்கேன்.

தம்பி எங்க, கூடப்பொறந்தவன் வரலையான்னு வாசல்ல பாதிப்பேர் கேட்டீங்க. என் வீட்டுக்காரரு சுந்தரமூர்த்தி இந்த ஹாலுக்குப் பின்னாடிதான் இருக்காரு. கொடிமரத்தடியில ஈட்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கறாரு. முந்தாநாள் அண்ணன் போனதுலேர்ந்து நிக்கறவரு, நேத்து அடக்கத்துக்குக்கூட வராம, இன்னும் உக்காரலை. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணின உடம்பு. கால் ரெண்டும் தண்ணி கோத்து, அழுத்துனா விரல் பதியுது. படுக்க வைங்க, இல்லன்னா எங்கிட்ட கொண்டு வராதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அண்ணனைப் பறிகொடுத்த இந்த வீடு, தம்பியையும் குடுக்கணுமா? அதைத்தான் கேக்க வந்தேன்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லணும். இவங்க கூரந்தீவார். அந்தத் தீவை நான் பாத்ததில்ல, பெரிய மாமாவே பாத்ததில்ல. அவங்க பாட்டன்மாரு படகுல நின்னுக்கிட்டே சண்டை போடுறவங்க. அலையில ஆடுற பலகையில ஈட்டியோட நிக்கத் தெரிஞ்சவன்தான் அங்க ஆம்பளை. அந்தக் காலத்துல கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்ட பெரிய ராஜாங்கத்துக்கு வாக்குக் குடுத்து, அதுக்காகச் சண்டையெல்லாம் போட்டு, கடைசியில அதோட கொடிமரத்தைக் காக்க பெங்களூருக்கு வந்தாங்க. அவங்களுக்குன்னு ஒரு லைன் வீடு, நடுவுல ஒரு கொடிமரம். கொடிமரத்தடியில நிக்கறதுக்குப் பேரு நிலை. ஒருத்தர் வந்து ஈட்டிய வாங்கற வரைக்கும் நிலையில இருக்குறவரு உக்காரக்கூடாது.

ராஜாங்கம் மூட்டை கட்டுன அன்னிக்கி ஒரு தொரை வந்து கொடிய எறக்கி, மடிச்சி, கக்கத்துல வெச்சிக்கிட்டாராம். நிலையில நின்னது இவங்க தாத்தா. தொரை நம்ம ஊரு முன்ஷிகிட்ட தமிழ் படிச்சவரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன். தாத்தாவைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டு, "போயிட்டு வர்றேன்"னு சொன்னாராம்.

அவ்வளவுதாங்க. அந்த ஒரு வார்த்தைதாங்க.

நமக்கு அது என்ன? காய் வாங்கப் போனாலும் சொல்லுவோம், ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாலும் சொல்லுவோம். வெறும் "போறேன்"னு சொன்னா அபசகுனம். செத்த வீட்ல மட்டும்தான் வர்றேன்னு சொல்லாம எழுந்து போவோம். ஆனா கூரந்தீவார் கடல்ல போறவங்க. திரும்பி வர்றது அவங்க கையில இல்ல. அதனால அவங்க வீட்ல "போறேன்"தான். வர்றேன்னு ஒருத்தன் சொல்லிட்டா, அது சத்தியம். அவன் வர்ற வரைக்கும் கேட்டவன் காத்திருக்கணும். தாத்தா காத்திருந்தாரு. அப்பா காத்திருந்தாரு. பெரிய மாமா காத்திருந்தாரு.

நான் ஆனேக்கல் பக்கத்துப் பொண்ணு. எட்டாங் கிளாஸ். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கல்யாணமான புதுசுல அம்மாவைப் பாக்கக் கெளம்பினேன். வாசல்ல பெரிய மாமா. "போயிட்டு வர்றேன் மாமா, சாயங்காலம் வந்துருவேன்"னு வழக்கம்போல சொல்லிட்டுப் போனேன். அன்னிக்கின்னு பாத்து காவேரி கலாட்டா. ஒரு பஸ்ஸும் ஓடலை. மறுநாள் மத்தியானம் யாரோ டெம்போவுல ஏத்திவிட்டு வந்து எறங்கறேன், அந்த மனுஷன் அதே வாசல்ல, அதே எடத்துல நிக்கறாரு. கண்ணெல்லாம் செவந்துபோயிருக்கு.

"ஏன் மாமா இப்படி?"

"நீ வர்றேன்னு சொன்னியேம்மா."

"அது சும்மா சொல்றது மாமா. எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அந்தத் தொரையும் சும்மாதான் சொல்லியிருப்பாரு."

லைன்ல யாரும் அதுவரைக்கும் அதை வாய்விட்டுச் சொன்னதில்ல போல. பெரிய மாமா கோவப்படலை. "அவன் சும்மா சொல்லியிருக்கலாம் ஆஞ்சலா. நாங்க சும்மா கேக்கலையே"ன்னாரு.

இந்த மாதிரி ஒரு பதிலை நீங்க எங்கயாவது கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. அன்னிலேர்ந்து அவரை நான் எதுத்துப் பேசினதில்ல. எதுத்துப் பேசியிருக்கணும். மாதாவே, கத்தியிருக்கணும்.

அவரு யாருக்கு என்ன கெடுதல் பண்ணினாரு? ரோடு பெருசு பண்றோம், கம்பத்தைப் புடுங்கறோம்னு ஜேசிபியோட வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? கூட வந்த போலீஸ்காரரு இவரை ஏற எறங்கப் பாத்துட்டு, "ஏன்யா பெரியவரே, எந்த ஏஜென்சி செக்யூரிட்டி நீ?"ன்னாரு.

"ராஜாங்கம்."

"அது எங்க இருக்கு, கோரமங்களாவா?"

"வருவாங்க. வந்தா கேட்டுக்குங்க."

"யூனிபார்ம் குடுக்கல, செருப்புகூடக் குடுக்கல, மோசமான ஏஜென்சியா இருக்கே"ன்னு சொல்லி அந்த மனுஷன் சிரிச்சிட்டாரு. ஆனா சிரிச்சிட்டு, ஜேசிபிய ஸ்வல்பம் தள்ளித் தோண்டச் சொன்னாரு. இன்னிக்கும் அந்த ரோடு நம்ம கொடிமரத்துகிட்ட வந்து வளைஞ்சுதான் போகுது. அந்த வளைவுதாங்க நிலைத்தலைவர் அலெக்சாண்டருக்கு இந்த ஊரு குடுத்த மெடல்.

பெரிய மாமா மக ஐரினுக்குக் கல்யாணம். நிலையில ஆள் மாத்த முடியாத நேரம். சர்ச்சுக்கு அவரு போகலை. பொண்ணு மாப்பிள்ளை சர்ச்சுலேர்ந்து நேரா கொடிமரத்துக்கு வந்து, ஈட்டி புடிச்ச கைக்கு முத்தம் குடுத்துட்டுப் போனாங்க. ஐரினு, நீ அன்னிக்கி அழலைம்மா. இப்ப அழு. அழுதுடு.

எத்தனை பேர் இருந்தாங்க இந்த நிலைக்கு. ஒருத்தர் அடுகோடில லேத் பட்டறைக்குப் போனாரு. ஒருத்தர் பசங்களோட ஓசூருக்குப் போனாரு. ஒவ்வொருத்தரும் போகும்போது நேர்மையா "போறேன்"னு சொல்லிட்டுப் போனாங்க, அதனால யாரும் அவங்களுக்காகக் காத்திருக்கலை. கடைசியில அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஒருத்தருக்குக் கோயில் பேரு, ஒருத்தருக்கு சர்ச் பேரு வெச்ச எங்க மாமியாரு, எந்த சாமி காப்பாத்தினாலும் சரின்னு சொல்லுவாங்களாம். பகல்ல தம்பி, ராவுல அண்ணன். முந்தாநாள் விடியக்காலை என் வீட்டுக்காரரு ஈட்டிய வாங்கப் போனாரு. பெரிய மாமா கொடிமரத்துல சாஞ்சபடி நிக்கறாரு. "அண்ணா, குடு"ன்னிருக்காரு. குடுக்கலை. தொட்டுப் பாத்தாரு. சில்லுன்னு இருந்துச்சாம். செத்தும் விழலைங்க அந்த மனுஷன்.

இப்ப ராவுக்கும் பகலுக்கும் ஒரே ஆள்.

நேத்து ராத்திரி சோறு கொண்டு போனேன். நின்னுக்கிட்டே சாப்பிட்டாரு. கால்ல விழுந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவ, ஜனங்க பாக்கறாங்கன்னுகூடப் பாக்காம விழுந்தேன். "உக்காருங்க, ஒருதரம் உக்காருங்க"ன்னேன். அவரு சொன்னாரு: "நான் உக்காந்தா, அண்ணன் நின்னதெல்லாம் பொய்யாயிடும்டி." பங்குச் சாமி போய்ச் சொல்லிப் பாத்தாரு. கேக்கலை. பாருங்க, சாமியே இப்ப மேடையில ஆமான்னு தலைய ஆட்டறாரு.

அப்பதான் எனக்கு இந்தத் தூதரகத்து ஐயா வர்றது ஞாபகம் வந்துச்சு. அந்த ராஜாங்கம் இப்ப சுருங்கி ஒரு சின்ன நாடாயிடுச்சு. அதுக்கு நம்மளை ஞாபகம் இல்ல. ஆனாலும் பேப்பர்ல செய்தி பாத்து, பாவம், இந்த ஐயாவை மாலையோட அனுப்பியிருக்காங்க. வயசுப் புள்ளை. நல்ல முகம். கட்டுனவங்கதானே அவுக்கணும்? அந்த ராஜாங்கத்து ஆள் ஒருத்தர் வந்து, நாங்க வரமாட்டோம்னு சொன்னா சத்தியம் முடிஞ்சுதே? நான் ஐயாவை இன்னிக்கி காலையில கார்லயே உக்காத்தி வெச்சிப் பாடம் எடுத்தேன். "நாங்க வரமாட்டோம். நீங்க உக்காருங்க." திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சேன். ஜெபமாலை உருட்டுற மாதிரி சொன்னாரு, தங்கம்.

கொடிமரத்துகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஐயா நின்னாரு. என் வீட்டுக்காரரு வெறப்பா நின்னாரு. ஐயா ஒரு எழுத்து பிசகாம சொன்னாரு. நாங்க வரமாட்டோம். நீங்க உக்காருங்க.

சத்தியமா சொல்றேன், ஈட்டி எறங்கிச்சு. அந்த வீங்குன முட்டி மடங்கிச்சு. நான் பின்னாடி ஓடிப்போய் தாங்கறதுக்குக் கையை நீட்டிட்டேன்.

ஐயா பெரிய மரியாதையா கையெடுத்துக் கும்புட்டாரு. கும்புட்டு, "போயிட்டு வர்றேன்"னாரு.

முட்டி நேராயிடுச்சுங்க. ஈட்டி மேல போயிடுச்சு. எங்க தாத்தா காலத்து சத்தியம் இன்னிக்கி காலையில புதுசாயிடுச்சு.

டிரைவர் சீனு தலையில அடிச்சிக்கிட்டான். "ஆண்ட்டி, நான்தான் ஏர்போர்ட்லேர்ந்து வரும்போது சொல்லிக் குடுத்தேன். தமிழ்க்காரங்ககிட்ட கெளம்பும்போது இதைச் சொல்லுங்க சார், குஷியாயிடுவாங்கன்னேன்." சீனுவை யாரும் திட்டாதீங்க. ஐயா, நீங்களும் தலையக் குனியாதீங்க. மரியாதை சொல்லிக் குடுத்ததும் தப்பில்ல, மரியாதையா நடந்ததும் தப்பில்ல. அன்னிக்கி அந்தத் தொரையும் இப்படித்தான் நின்னிருப்பாரு. எனக்கு இப்பதான் அவரு மேல கோவம் போச்சு. கோவம் போயி என்ன பண்றது? ஐயா திரும்பப் போய்ச் சொல்லியும் என் வீட்டுக்காரரு கேக்கலை. "கடைசியா சொன்னதுதான் வார்த்தை"ங்கறாரு.

நிலைத்தலைவர் அலெக்சாண்டர் விட்ட பணியை நாங்கள் தொடர்வோம்னு இந்த மேடையில மூணு பேர் பேசிட்டுப் போனாங்க. கை தட்டினீங்க. யாரு தொடர்வீங்க? நீங்க வர்றீங்களா ஸ்ரீகண்டன் சார்? உங்க முட்டி வலி எனக்குத் தெரியும். பசங்களுக்கு வேலை இருக்கு, நான் குத்தம் சொல்லலை. இந்தக் கூட்டம் முடிஞ்சி, காபி குடிச்சி, எல்லாரும் வீட்டுக்குப் போயிருவீங்க. அவரு மட்டும் அங்க நிப்பாரு. நாளைக்கி இதே ஹால், இதே ஃபேன், இன்னொரு படம். அதுக்கும் நான்தான் பேசணுமா?

எனக்கு அந்த ராஜாங்கத்து மேல ஒரு பொட்டு நம்பிக்கை இல்லைங்க. அது வராது. வந்தாலும் எறங்க இங்க எடம் இல்ல, எல்லாம் அபார்ட்மெண்ட். ஆனா என் வீட்டுக்காரரு ஈட்டிய கீழ வெக்க மாட்டாரு. வாங்க ஒரு கை வந்தா மட்டும்தான் குடுப்பாரு. பொம்பளை நிலையில நிக்கக்கூடாதுன்னு அவங்க சட்டத்துல இருக்கான்னு மேடை ஏறறதுக்கு முன்னாடி அவருகிட்டயே போய்க் கேட்டேன். "யாரும் கேட்டதில்லையே"ன்னாரு.

அப்ப சரி.

ஐரினு, அந்த டம்ளரைக் கொண்டாம்மா. உப்புத் தண்ணிங்க. வாயில உப்புத் தண்ணி வெச்சி முழுங்கிட்டு வாக்கு சொல்லணும், கடலுக்குப் பதிலா. எனக்கும் பிபி, உப்பு ஆகாது. ஒரு மடக்குதானே.

ம்.

பெரியவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. பங்குச் சாமி, மாதாகிட்ட எனக்காகப் பேசிக்குங்க, பொய்ச் சத்தியம்னு எழுதிடப் போறாங்க. கூரந்தீவார் வீட்டு மருமக ஆஞ்சலா, ராஜாங்கத்துக் கொடிமரத்தைக் காத்து நிப்பேன். ஆள் வர்ற வரைக்கும் நிப்பேன். வாய் அந்த ராஜாங்கத்து பேரைச் சொல்லுது. மனசு எங்க வீட்டுக்காரரோட அந்த ரெண்டு காலைச் சொல்லுது. ஆண்டவருக்கு எது கேக்குமோ அது கேக்கட்டும்.

சாயங்காலம் எனக்கு மாத்து வேணும். நான் நிக்கறேங்க அத்தைன்னு யாராவது வந்தா வாங்க. வரலைன்னா நான் நின்னுக்கறேன்.

தலைவர் மன்னிக்கணும், மீதிய நீங்க பேசி முடிச்சிருங்க. சீனு, மேடையில நான் உக்காந்திருந்த அந்த நாற்காலிய எடுத்துக்கிட்டு எம்பின்னாடியே வா. கால் ஆடாம, நேரா தரையில பதிய வெக்கணும். அவரு ஒக்காந்து ரெண்டு நாளாச்சு.