மேல் விளக்கு

தக்காளி வாங்கி வர என்னை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை. காயும் பழமும் என் கண்ணுக்கு ஒன்றுதான். ஒருமுறை நானாக ஆசைப்பட்டுப் போய் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தேன். என் மனைவி அதை மேசைமேல் கொட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஜன்னல் உடைக்கலாம்ங்க, சமைக்க முடியாது" என்றாள்.

பிறவியிலேயே அப்படி. சிவப்பும் பச்சையும் என் கண் வாசலில் சண்டை போட்டு, உள்ளே வரும்போது இரண்டும் ஒரே மண் நிறத்தில் சமாதானமாகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குப் புதிதாக வர்ணம் அடித்தபோது, "பச்சைப்பசேல்னு குளுமையா இருக்கு" என்று மனதாரப் பாராட்டினேன். அது செங்கல் சிவப்பாம். கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அதில் எனக்கு நஷ்டமில்லை, மனிதர் சரியான அறுவை.

இப்படிப்பட்டவனுக்குத்தான் தம்பி, ஊர் 'வண்ணக்காரர்' என்று பட்டம் கட்டியிருந்தது. உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன், போலீஸ் சீருடை போட்டிருந்தாலும் என் மகள் வயதுதான் உங்களுக்கு. மலை, ஆறு, வயல், மேகம் என்று நிலக்காட்சிகளைப் படம் எடுத்துத்தான் பிழைத்தேன். என் படங்களில் நிறம் பேசுகிறது என்று எழுதினார்கள். பேட்டிகளில், "நிறத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, மனதால் பார்க்கிறேன்" என்று சொல்வேன். அதில் பாதி உண்மை.

மீதிப் பாதி என் மனைவி. நான் கேமரா முக்காலியை ஊன்றிச் சட்டகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் படத்துக்குள்ளேயே நடந்துபோவாள். புல்லை, பாறையை, பாசியைக் கிட்டப்போய்ப் பார்த்து நிறத்தை மனதில் வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். பிறகுதான் நான் பொத்தானை அமுக்குவேன். வீட்டுக்கு வந்ததும் கணினிக்கு முன்னால் நான் நாற்காலியில், அவள் பக்கத்தில் ஸ்டூலில். நான் நிறத்தைக் கூட்டிக் குறைக்க, அவள் சொல்லிக்கொண்டே வருவாள்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... அய்யய்யோ, புல்லு கருகிப் போச்சு, திரும்பி வாங்க."

"எவ்வளவு?"

"உங்க அக்காவுக்குக் கோவம் வந்தா மூக்கு நுனி செவக்குமே, அந்த அளவுக்கு மண்ணுல செவப்பு வேணும். பெரிய கோவம் இல்ல, சின்னக் கோவம்."

அக்காவின் மூக்கு எனக்குச் சிவந்ததே கிடையாது. ஆனால் எந்தக் கோபத்தைச் சொல்கிறாள் என்று புரியும். அப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. என் கண்ணின் சங்கதி எங்கள் இருவருக்கும், பிறகு வளர்ந்துவிட்ட மகளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அவளுக்குக் கண்புரை வந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் பால் ஊற்றினாற்போல மங்கியது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஒரு பதிப்பாளர் என் படங்களைப் பெரிய புத்தகமாகப் போட முன்வந்தார். ஒரு நாள் காலை சாப்பிடும்போது, உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்கிற குரலில் அவள் கேட்டாள்.

"அட்டையில என் பேரும் வரட்டுமேங்க. ஓரமா, எறும்பு அளவுக்குப் போட்டாப் போதும்."

நான் சிரித்தேன். "எறும்பு எதுக்கு அட்டையில? இனிப்புன்னு நினைச்சு வந்துடப் போவுது."

வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பவள், அன்று சிரிக்கவில்லை. மகள்தான் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நியாயந்தானேப்பா? அம்மா இல்லாம ஒரு படம் உண்டா?"

"அந்தப் பதிப்பாளர் வரும்போது நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றாள் என் மனைவி. மிரட்டல் இல்லை, கோபம் இல்லை. எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வந்த மறுநாளே, பெண்டாட்டி சொல்லச் சொல்லப் பொத்தானைத் திருப்பிய குருட்டுக் கிழவன் என்று ஊரே சிரிக்கும் என்று நினைத்தேன். என்னை 'வண்ணக்காரர்' என்று அழைத்தவர்கள் அதே பெயரைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவளைக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சியிருந்தால் விட்டிருப்பாள், அவள் சுபாவம் அப்படி. எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

பதிப்பாளர் வருவதற்கு முந்தின மாலை, அணைக்குக் கீழே ஆற்றுக்குப் போனோம். அந்த இடம் உங்களுக்கு மனப்பாடம். தண்ணீர் வற்றிய படுகை, ஆள் உயரப் பாறைகள், எல்லாவற்றின்மேலும் பாசி. கரையில் அணைக்காரர்கள் நட்ட விளக்குக் கம்பம். பச்சை எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்தால் மதகு திறக்கப்போகிறது, ஏறிவிட வேண்டும். சங்கு ஊதுகிற கருவியைப் பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அறிவிப்புப் பலகையை நான் படித்தேன். அவளால் படிக்க முடியவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

நான் கரைமேல் முக்காலியை ஊன்றினேன். அவள் வழக்கம்போலப் படத்துக்குள் இறங்கினாள். கண் மங்கியதிலிருந்து இன்னும் கிட்டப்போய்த்தான் அவளுக்கு நிறம் தெரியும். நடு ஆறு வரை போய் நின்று திரும்பிப் பார்த்தாள். கம்பத்துக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, விளக்கு கூசுது. என்ன நிறம் எரியுது?"

நான் பார்த்தேன்.

"பச்சைதான். நீ போ."

நடு ஆற்றையும் தாண்டிப் போனாள். மதகு திறந்து தண்ணீர் வந்தது, அவள் ஏறி வரவில்லை. நான் சொன்னதைத்தான் ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம், கம்பம் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரர் கேட்டு உங்களிடம் சொன்னார். எரிந்தது சிவப்பு என்று அணைக்காரர்கள் சொன்னார்கள். நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

நான் வாயே திறக்கவில்லை, நினைவிருக்கிறதா? என் மகள்தான் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "எங்கப்பாவுக்குச் சிவப்பு பச்சை தெரியாது சார்! அவருக்கு எந்த நிறமா இருந்தாலும் அம்மாதான் சொல்வாங்க. அம்மா போய் அவர்கிட்டக் கேட்டிருக்காங்க பாருங்க" என்று உங்கள் மேசைமேல் தலை வைத்து அழுதாள். என்னை மருத்துவரிடம் அனுப்பினீர்கள். புள்ளி புள்ளியாக அச்சடித்த படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார். எனக்கு ஓர் எண்ணும் தெரியவில்லை. அதில் பொய் இல்லை. சான்றிதழைப் படித்துவிட்டு நீங்களே எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள்.

இதோடு என் கண்ணின் சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, தம்பி. கணவனின் கண்ணாக வாழ்ந்த மனைவி என்று எழுதினார்கள். முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவள் எறும்பு அளவுதான் கேட்டாள்.

நீங்கள் கெட்டிக்காரர். ஆனாலும் ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள். சிவப்பும் பச்சையும் தெரியாத இந்தக் கிழவன் இத்தனை காலம் தெருச் சந்திப்புகளை எப்படிக் கடந்தான் என்று கேட்கவில்லை. சைக்கிளில், பிறகு காரில், ஒரு தடவைகூட யார்மேலும் மோதாமல். எங்களுக்கு நிறம் வேண்டாம், தம்பி. இடம் போதும். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இது அவளுக்கும் தெரியும், அதனால்தான் என்னைக் கேட்டாள். அணைக் கம்பத்திலும் அதே ஏற்பாடுதான். அன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ் விளக்கு அணைந்து மேல் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன்.

தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் பொத்தானையும் அமுக்கினேன். பழக்க தோஷம். ஒளி அவ்வளவு பக்குவமாக இருந்தது.

அந்தப் படத்தை மகள் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதன்முன் நின்று, "அந்தச் சிவப்புச் சால்வையில அம்மா எவ்வளவு எடுப்பாத் தெரியறாங்க, இல்லப்பா?" என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் போன பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தேடுவேன். பாசியும் சால்வையும் எனக்கு ஒரே நிறம். பாறைகள் எல்லாம் ஆள் போலவே நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் ஒரு பாறையை அவள் என்று நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் அது பாறையாகிவிடுகிறது. மகளிடம் கேட்கலாம். கேட்டால், என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருவாள், அவள் அம்மா மாதிரியே. அதை என்னால் தாங்க முடியாது.

அதனால்தான் படத்தைக் கழற்றி உங்களிடம் எடுத்து வந்தேன். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அவள் எங்கே நிற்கிறாள் என்று இதில் விரல் வைத்துக் காட்டுங்கள். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்லுங்கள். என் பக்கம் என்றால் மட்டும், வேறு பக்கம் என்று சொல்லிவிடுங்கள். நான் நம்பிவிடுவேன்.