வில்லோ பெண்ட் அரங்கில் எட்டு இடங்கள்

அவையின் தலைவராய் வீற்றிருக்கும் அரங்குக் குழுத் தலைவர் ரோமன் பெட்ரிஷின் அவர்களே! இந்தக் கூரையின் உத்திரங்களைத் தோளில் சுமந்து ஏற்றிய பெரியோர்களே! விடியற்காலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்து, சறுக்குக் காலணிக்குக் கயிறு கட்டியே விரல் தேய்ந்த தாய்மார்களே! அடுப்படியில் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்தபடி கதவிடுக்கில் காது வைத்திருக்கும் சகோதரிகளே! எதிரணியோடு வந்திருக்கும் அண்டை ஊர் அன்பர்களே! வேண்டாம், ஊளையிடாதீர்கள்! ஆட்ட வட்டான பக் பனியில் விழும்வரை அவர்கள் நம் விருந்தினர்கள். அனைவருக்கும் இந்த மெர்வின் சாச்சுக்கின் பணிவான வணக்கம்!

பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே பனித்தளம் போடுகிறவன் நான். தண்ணீரை உறைய வைக்கத் தெரியும். தமாஷாகப் பேசத் தெரியாது. ஆனாலும் இன்று பேசியே தீருவேன்.

மாநகரங்களிலே இருபதாயிரம் பேர் அமரும் பனி ஹாக்கி அரங்குகள் உண்டு. இருக்கட்டுமே! நம் ஊரில் வாழ்வோர் தொள்ளாயிரம் பேர். நம் அரங்கில் இருந்தவையோ ஆயிரத்துப் பன்னிரண்டு இருக்கைகள்! ஊரையே உட்கார வைத்து, மிச்சத்துக்குச் சம்பந்தி வீட்டாரையும் அழைக்கலாம். எந்த மாநகருக்கு உண்டு இந்தப் பெருமை? ஆனால் லீக்கின் விதி என்ன? ஆயிரம் இருக்கைக்கு ஒன்று குறைந்தாலும் அந்த ஊர் அணிக்கு லீக்கில் இடமில்லை.

ஏழாவது வரிசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அமர்ந்தவர் டோரீன் ஹாலுஷ்கா. அவர் போட்ட சத்தத்தில் விசிலை விழுங்கிய நடுவர்கள் எத்தனை பேர்! சென்ற ஆண்டு அறுவடையின்போது தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்தார். ஜனவரியில் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். வந்தவரை எங்கே அமர்த்தினோம்? பனி வழிக்கும் வண்டி வரும் வாசலில்! இடைவேளைக்கு இடைவேளை "கொஞ்சம் நகரு டோரீன்" என்று சொன்னவன் நான்தான். ஒருநாள், அது ஆபத்தான இடம் என்று அதையும் குழு தடை செய்துவிட்டது.

நேரே குழுக் கூட்டத்துக்கு வந்தார் டோரீன். "எனக்குச் சலுகை வேணாம். டிக்கெட் வாங்குறேன். உக்காந்து பாக்க எடம் குடுங்க."

சாய்தளமும் எட்டுச் சக்கர நாற்காலிகளுக்கு இடமும் அமைத்தால் நாற்பது இருக்கைகள் போய்விடும். மிச்சம் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. அணியா, டோரீனா? வேண்டாம் என்போர் கை தூக்குங்கள் என்றார் தலைவர். குழுவில் நானும் ஒருவன்; தூக்கினேன், தோழர்களே. இந்தக் கைதான் தூக்கியது!

டோரீன் என்னைப் பார்த்தார். "மெர்வ், என் மூஞ்சியப் பாத்துத் தூக்குடா."

கை இறங்கிவிட்டது; முடிவும் தள்ளிப்போனது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் அளவு நாடாவோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். "வா, ரெண்டு பேரும் அளப்போம்" என்றேன். அரங்கை மூலைமுடுக்கெல்லாம் அளந்தோம். மதியம் டோரீன் எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

"அந்தக் கண்ணாடி அறைக்குள்ள பன்னெண்டு சோபா எதுக்குடா?"

அது குழு உறுப்பினர்களின் அறை! பெஞ்சில் ஓர் ஆளுக்குப் பதினெட்டு அங்குலம் என்பது கணக்கு. பன்னிரண்டு ஒற்றைச் சோபாக்களை எடுத்துப் பெஞ்சு போட்டால், அங்கே நாற்பது பேர் உட்காரலாம்! பன்னிரண்டு போய் நாற்பது வந்தால், மொத்தம் சரியாக ஆயிரம்!

டோரீன் போய்ச் சொன்னதும் தலைவர் கொதித்தார். "எங்கப்பா உக்காந்த எடம்மா அது!"

"உங்கப்பாவா? அவரு முதல் நிமிஷத்துலேருந்து நின்னுகிட்டே கத்துவாரு தலைவரே! சோபா எந்தக் கலர்னுகூட அவருக்குத் தெரியாது!" என்றார் டோரீன்.

சிரித்துவிட்டார் பெட்ரிஷின். ஸ்பானரைக் கையில் எடுத்து முதல் திருகாணியைக் கழற்றியவரும் அவரே! தட்டுங்கள் கையை! இன்னும் பலமாக!

கோடை முழுதும் உழைத்தோம். போன வாரம் லீக் அதிகாரி வந்தார். எண்ணினார். "கரெக்டா ஆயிரம்" என்று எழுதினார். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் டோரீன் விடவில்லை.

"எட்டு எடத்த விட்டுட்டீங்க சார்."

"அது இருக்கை இல்லீங்களே, வெறும் எடம்தானே?"

"இருக்கையை நாங்க கூடவே கொண்டு வர்றோம். டிக்கெட்டும் வாங்குறோம். எழுதுங்க."

ஆயிரத்தை அடித்துவிட்டு எழுதினார் அந்த மனிதர்: ஆயிரத்தெட்டு!

பெரியோர்களே! மாதக்கணக்கில் கூட்டினோம், கழித்தோம், பெருக்கினோம். அந்த எட்டுப் பேரை எண்ண வேண்டும் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றியதா? வாசல் பலகையில் இன்று மின்னுகிறதே அந்த எண், அதில் கடைசி எட்டு எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட எட்டு! இன்று அந்த எட்டு இடங்களும் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் அமர்ந்திருப்போரில் மூவர் எதிரணியின் ஆதரவாளர்கள். வாருங்கள், வந்து வாய் நிறைய எங்களைத் திட்டுங்கள்! இடம் கொடுத்துவிட்டோம், வெற்றியை மட்டும் கேட்காதீர்கள்!

என்ன டோரீன்?

"பேசுனது போதும்டா! பனி உருகுது, பக்கைப் போடச் சொல்லு!"

உத்தரவு! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, திருகாணி கழற்றிய கைகளுக்கு நன்றி, ஆயிரத்தெட்டுப் பேருக்கும் என் அன்பு வணக்கம்!