விபத்து இல்லாத நாட்கள்

பல்பு மாற்ற நான் ஒருநாளும் நாற்காலியில் ஏறியதில்லை. ஏணிதான். அதுவும் நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்த பிறகுதான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், யாமினி மேடம். விசாரிக்கிற உங்களுக்கு நான் எப்படிப்பட்டவன் என்று தெரியவேண்டும்.

பெயர் வேலாயுதம். வயது அறுபத்து மூன்று. பூன் லேயில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு அதிகாரி. வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கும். தினமும் எண்ணை மாற்றுவது நான்தான். ஒரு விபத்து நடந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். ஓய்வு பெற்றதும் அதேபோல் ஒன்றைச் செங்காங் வீட்டுச் சமையலறையில் மாட்டினேன். மனைவி ஒரு வாரம் பார்த்தார். பிறகு மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். எண் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

அந்த வீட்டை ஜெய், திவ்யதர்ஷினி என்ற இளம் தம்பதிக்கு விற்றேன். நல்ல பிள்ளைகள். கூடத்தில் பதினெட்டு பல்பு எரியும் சரவிளக்கு ஒன்று வைத்திருந்தேன். அதை அவர்களுக்கே விட்டுவிடுவதாகச் சொன்னேன். அன்பளிப்பாகத்தான்.

ஜெய் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "ஐயோ அங்கிள், கழட்டிட்டுப் போயிடுங்க லா. வெட்டிங் ஹால் மாதிரி இருக்கு." அவர் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் எதையும் முகத்தில் காட்டுகிற ஆள் நான் இல்லை. தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். எல்லா விளக்குகளையும் விற்பவரே கழற்றி, ஒயர்களைப் பாதுகாப்பாக விட்டுச் செல்லவேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதிசெய்து, விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஒயர் முனையையும் தனித்தனியாகக் கனெக்டருக்குள் இறுக்கி, மேலே மூடி போடவேண்டும். பிறகு, தேதியும் கையெழுத்தும் போட்ட பச்சை ஸ்டிக்கர்: 'பாதுகாப்பானது'. ஸ்டிக்கர் என்னுடைய யோசனை. ஐந்து இடங்களில் அப்படியே செய்தேன். போய்ப் பாருங்கள், வேலை சுத்தமாக இருக்கும்.

கூடத்தில் மட்டும் செய்யவில்லை. கனெக்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் சட்டைப் பையில் ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, இதோ. செம்பு தெரிகிற முனைகளை, விளக்கு தொங்கிய கூரைக் கொக்கிக்குப் பின்னால் மடக்கிவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினேன். சுவரில் அதன் சுவிட்சு போட்டபடியே இருந்தது. விளக்கே இல்லாத இடத்தில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்சு எல்லா வீட்டிலும் உண்டே என்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதன் சோதனைப் பொத்தானை மாதம் தவறாமல் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். மார்ச் மாதத்திலிருந்து பொத்தானை அழுத்தினாலும் அது விழவில்லை, பழுது. சாவியோடு கொடுத்த குறிப்பில் அதை எழுத இடமில்லை.

வேறு யாராவது வாங்கியிருந்தால் எலெக்ட்ரீஷியன் வரும்வரை மெயினைத் தொட்டிருக்க மாட்டார்கள். நம்மவர்களுக்கு முதலில் பால் காய்ச்சியாக வேண்டும். கேஸ் இணைப்பு வந்திருக்காது, அதனால் மின்னடுப்பு. அதனால் மெயினைப் போடுவோம். கூடத்தில் கொக்கி இருந்தால் தோரணம் கட்டாமலும் விடமாட்டோம். நானும் இரண்டு வீடுகளில் பால் காய்ச்சியவன்.

திவ்யதர்ஷினி என்னையும் கூப்பிட்டிருந்தார். "நீங்க இருந்த வீடு அங்கிள், கண்டிப்பா வரணும்." தேக்கா சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். தரையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். பெண்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஜெய் நீர் சொட்டும் மாவிலைத் தோரணத்தோடு ஓர் இரும்பு மடக்கு நாற்காலியில், வெறுங்காலுடன் ஏறினார்.

"தம்பி, நாற்காலியில ஏறாதீங்க. ஏணி வச்சுக்குங்க" என்றேன். நான் எச்சரித்ததற்கு அங்கே சாட்சி உண்டு.

"ஒரு நிமிஷம்தான் அங்கிள்." அவர் கொக்கியைப் பார்த்தார். "இங்க ஒயர் எல்லாம் ஓகே தானே?"

நான் பச்சை ஸ்டிக்கரைக் காட்டினேன். அதில் என் கையெழுத்து இருந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுக் கையை நீட்டினார்.

சமையலறையில் "பொங்கிடுச்சு" என்று எல்லாரும் குரல் கொடுத்த நேரத்தில் அவர் விழுந்தார். ஓடிப்போய் மெயினை அணைத்தது நான்தான். அது எங்கே இருக்கிறது என்று அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். திவ்யதர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்தது நல்லதாப் போச்சு அங்கிள்" என்று அழுதார். நான் அதை மறுக்கவில்லை.

ஒயரைத் தெரிந்தே அப்படி விட்டேன். ஸ்டிக்கரைத் தெரிந்தே காட்டினேன். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும். நான் இப்போது வாடகைக்கு இருக்கும் தஞ்சோங் பகார் அறையில் அந்தப் பலகையைப் பார்த்த உங்கள் ஆட்கள், எண் தவறு என்றார்களாம். தவறில்லை. அன்று மாலை 1,145-ஐ அழித்து 1,146 என்று எழுதினேன். விபத்து நடந்தபோது அந்த வீடு என் பெயரில் இல்லை.