கம்பி வழியே நீட்டிய கை

மேடையில் அமர்ந்திருக்கும் கால்பந்துக் கழகத் தலைவர் முசியே போமோன் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, துணை மேயர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் கோச் கிஸ்லேனின் துணைவியார் மதாம் சொலான்ஜ் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஆதரவாளர்களே, சலவை அறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் என் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் நாசிம். ஆட்டங்களைப் படம்பிடித்து, யார் எங்கே ஓடினார், எங்கே நின்றார், ஏன் தோற்றோம் என்று கணினியில் ஆராய்வது என் வேலை. இந்த இரங்கல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. மதாம் சொலான்ஜ் கேட்டார், அதனால் ஏறிவிட்டேன். மேடைக்கு ஆட்சேபம் இருந்தால் அவரிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை இந்த மண்டப வாசலில் உங்களில் பலர் எனக்குக் கை நீட்டினீர்கள். நான் யாருக்கும் கை கொடுக்கவில்லை. "திமிர் பிடிச்சவன்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். இருக்கட்டும். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர், "கிஸ்லேன் தெல்க்ருவா எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. குடும்பத்தில் ஒருவரா? குடும்பத்தில் ஒருவர் வந்தால் உள்ளிருந்து வாசலைப் பூட்டுவார்களா? குடும்பத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பிய செய்தியை அவரே கார் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்வாரா? என்ன குடும்பம் அய்யா இது!

நண்பர்களே, யார் இந்த கிஸ்லேன் தெல்க்ருவா? பெர்க்வால் நகரத்தில் பிறந்து, இதே கழகத்துக்காக விடலைப் பருவத்தில் சட்டை போட்டவர். நடுக்கள வீரர். கோல் அடிக்கிறவர்களின் படம்தான் செய்தித்தாளில் வரும். இவர் படம் வராது. அந்தக் காலத்து ஆட்டங்களைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு தோளுக்குப் பின்னாலும் பார்ப்பார். பந்து வந்து சேரும்போது அது எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். ஒரே தொடல், பந்து போய்விடும். இதைப் பாராட்ட இன்று எங்களிடம் விதவிதமான அளவுகோல்கள் இருக்கின்றன. அன்று எதுவும் இல்லை. அதனால்தான் நாட்டு அணியின் சட்டையை ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும், அதுவும் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மாற்று ஆளாக இறங்கிப் போட்டுக்கொண்டார்.

அந்த நீலச் சட்டை எங்கே என்று போன வருடம் நிர்வாகம் தேடியது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமாம். அதை அவர் எப்போதோ சலவை அறை ஓடிலுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய முதல் சட்டையைத் துவைத்தவர் ஓடில். நிர்வாக ஆள் போய்க் கேட்டபோது ஓடில் சொன்ன பதில் கழகம் முழுக்கத் தெரியும்.

"தொவைக்கப் போட்டிருக்கேன் முசியே. இன்னும் காயல."

தெற்கே பெரிய கழகங்களில் ஆடினார். முழங்கால் போனது. நம் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய வருடம் திரும்பி வந்தார். ஆட முடியாமல் போன பிறகு, பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் முள்ளும் கல்லுமாகக் கிடந்த நிலத்தைச் சமப்படுத்தி இளையோர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்களை வைத்துத்தான் பிறகு முதல் அணியின் மேலாளராகி, இந்தக் கழகத்தை மீண்டும் முதல் பிரிவுக்கு ஏற்றினார். நம் அணித் தலைவர் பக்காரி அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். இன்று களத்தில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

அவர் தேவதூதர் இல்லை. அழுகிறவர்கள் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். பிடிவாதக்காரர், கத்துவார், மழையில் நின்றுகொண்டு சிகரெட் பிடிப்பார். நான் ராப்பகலாக உழைத்துத் தயாரித்த வரைபடங்களை மேசையில் சிக்கரி காப்பிக் கோப்பைக்கு அடியில் விரிப்பார். ஒரு கோப்பைப் போட்டியில், "இடது பக்கம் ஓட்டை விழுகிறது, ஆளை மாற்றுங்கள்" என்று நான் சொன்னதைக் கேட்காமல் தோற்றார். மறுநாள் வந்து, "நீ சொன்னது சரி, எஞ்சினியர். அடுத்த தடவையும் கேக்க மாட்டேன், ஆனா சொல்லு" என்றார். இப்படி ஒரு மனிதரோடு எப்படி வேலை செய்வது! ஆனாலும் செய்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைச் சொல்கிறேன். மடிக்கணினியைத் திறந்தபடியே பயிற்சி அறைக்குள் நுழைந்தேன். அவசரம். எனக்கு எப்போதும் அவசரம்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"நாசிம். புது ஆய்வாளர். முதல்ல போன ஆட்டத்தோட..."

"வாசல் காவலாளிக்குக் கை குடுத்தியா?"

"இல்ல, கோச்."

"சமையல்கட்டுல?"

"இல்ல."

"ஓடிலுக்கு?"

"ஓடில் யாரு?"

அறையிலிருந்த வீரர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பக்காரி மட்டும், "செத்தான்" என்று முணுமுணுத்தார்.

"ஓடில் யாருன்னு தெரியாம ஆட்டத்தை ஆராய வந்துட்டாரு எஞ்சினியர்! அந்தப் பொட்டியை மூடு. வெளிய போ. வாசல்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சிட்டு அப்புறமா உள்ள வா."

போனேன். எரிச்சலோடு போனேன். நம் ஊரில் எல்லாக் கழகங்களிலும் காலையில் கை கொடுப்பது உண்டுதான். ஆனால் இவரிடம் அது வேறு. கை கொடுக்காதவன் அன்று பந்தைத் தொட முடியாது. சிறந்த வீரனாக இருந்தாலும் சரி, போன வாரம் வெற்றி கோலை அடித்தவனாக இருந்தாலும் சரி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு முறை. மறந்துபோய் இரண்டாவது முறை நீட்டினால், "காலைலயே குடுத்தாச்சு, அதையே வச்சுக்கோ" என்று கேலி செய்வார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. கை கொடுக்கும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை, யார் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். என் கருவிகள் முதல் பாதி முடிந்த பிறகு சொல்வதை, அவர் காலையிலேயே அறிந்திருப்பார்.

பிறகு கழகத்தின் நிர்வாகம் கைமாறியது. முசியே போமோன் தலைவராக வந்தார். முதல் நாள் புகைப்படக்காரர்களோடு வந்து முதல் அணி வீரர்களுக்கு மட்டும் கை கொடுத்துவிட்டு, நிர்வாக அலுவலகம் இருக்கும் மாடிக்குப் படியேறப் போனார். கிஸ்லேன் கூப்பிட்டார்.

"முசியே, சலவை அறை அந்தப் பக்கம்."

"என்ன?"

"கை குடுக்காம விட்டுட்டீங்க. ஓடில் காத்துக்கிட்டு இருக்கா. கையைத் தொடச்சுக்கிட்டு ரொம்ப நேரமா நிக்கிறா."

தலைவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். படியேறிப் போய்விட்டார். அது தவறு, முசியே போமோன். சின்னத் தவறுதான். அன்று படியிறங்கியிருந்தால் அரை நிமிடத்தில் சரியாகியிருக்கும். நீங்கள் இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும் என்று நினைக்கிறீர்கள். தெரியாது. "தொடர் தோல்வி" என்று அறிக்கை விட்டார்களே, அந்தத் தோல்விகளை ஒவ்வொரு நொடியாகப் பிரித்துப் பார்த்தவன் நான். சொல்கிறேன், கேளுங்கள். குளிர்காலத்தில் நம் இரண்டு நடுத் தடுப்பாளர்களை விற்றது யார்? மேலாளரா? அவர்கள் இடத்துக்கு ஆள் வாங்க மறுத்தது யார்? மேலாளரா? கோல்கள் எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தானே விழுந்தன! சுவரை இடித்தவர்கள், குளிர் வந்ததற்கு வீட்டில் இருந்தவரைக் குற்றம் சொன்னார்கள்.

உண்மைக் காரணம் தோல்வி இல்லை. "பயிற்சிப் பள்ளியை மூடுங்கள், அந்த நிலத்தில் விருந்தினர் மாடமும் கார் நிறுத்தமும் கட்ட வேண்டும்" என்று மாடியிலிருந்து உத்தரவு வந்தது. அவர் செய்தியாளர் முன்னால் உட்கார்ந்து, "நான் இருக்கிறவரைக்கும் அந்தப் புல்லுல கார் நிக்காது" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் இல்லை.

வானொலியில் செய்தி கேட்ட மறுநாள் காலையும் அவர் வந்தார், நண்பர்களே! வாதாட வரவில்லை. பிரியாவிடை சொல்ல, எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போக வந்தார். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி அழாத குறையாக, "திறக்கக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க, கோச்" என்றார். "உன்னை நான் எதுவும் சொல்லலப்பா. மொதல்ல உன் கையைக் குடு" என்று கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார்.

நான் கதவுக்கு உள்ளே வரிசையில் நின்றேன். பக்காரி நின்றார். சமையல்காரர்கள் வந்தார்கள். ஓடில் சலவை அறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"கையெல்லாம் நுரை, கோச்."

"பரவால்ல ஓடில். மாடியில பாரு, எல்லாக் கையும் பாக்கெட்டுக்குள்ள பத்திரமா இருக்கு."

நிமிர்ந்து பார்த்தோம். ஜன்னலில் திரை அசைந்தது. ஒரு மேலாளருக்கு, ஒரு நாட்டின் சட்டையைப் போட்ட மனிதருக்கு, தான் சமப்படுத்திய மண்ணை மிதிக்க அனுமதி இல்லை! மழை தூறியது. எங்கள் எல்லார் கையையும் பிடித்து முடித்துவிட்டு, மாடி ஜன்னலைப் பார்த்து ஒரு கணம் கையை உயர்த்தினார். யாரும் பதிலுக்கு உயர்த்தவில்லை. போய்விட்டார்.

அதன் பிறகு எந்தக் கழகமும் அவரை அழைக்கவில்லை. "பிடிவாதக்காரர்" என்ற பெயர் அவருக்கு முன்னால் ஒவ்வோர் ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெயர் எந்த மாடியிலிருந்து புறப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் கிராமத்துச் சின்ன அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் களத்தின் எல்லைக்கோட்டருகே, "தோளுக்குப் பின்னால பாரு! பாத்துட்டு வாங்கு!" என்று கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

இப்போது என்ன? இன்று என்ன? பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயர் வைக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். கை தட்டினீர்கள். அறிவிக்காத இன்னொன்று இருக்கிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும், இதே கட்டடத்தின் மாடியில், இதே கறுப்பு உடையோடு நிர்வாகக் குழு கூடுகிறது. பயிற்சிப் பள்ளியை மூட வாக்கெடுப்பு. மறுக்கிறீர்களா, முசியே? ஒலிபெருக்கி இதோ இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வேண்டாமென்றால் நானே முடிக்கிறேன்.

அவர் பெயர் மாடத்தின் மேல் எழுத்தாக இருக்கும். அவர் புல் அதன் பின்னால் தாருக்கு அடியில் இருக்கும். இதற்குப் பெயர் மரியாதையா? ஒரு மனிதரை இரண்டு முறை வெளியேற்றுவதற்குப் பெயர் மரியாதையா?

கழகம் இன்னும் சட்டப்படி உறுப்பினர்களுடையது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கேட்டால் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். அதுவரை மாடியில் எந்த முடிவும் எடுக்க முடியாது. விதிகளைப் படித்துவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

இனி, காலையில் நான் ஏன் கை கொடுக்கவில்லை என்பது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு முறைதான். அது அவர் விதி. அந்த ஒரு முறையை வாசலில் "வருத்தமா இருக்கு", "நல்ல மனுஷன்" என்று சொல்லிச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டியதை அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்த மண்டபத்துக்கு ஒரே வாசல். இறங்கியதும் அங்கே போய் நிற்பேன். ஓடில் நிற்பார், பக்காரி நிற்பார். மதாம் சொலான்ஜிடம் நேற்றே கேட்டேன், கணவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உங்களால் நிற்க முடியுமா என்று. "அவருக்காக அழுறதை வீட்டுல வச்சுக்கிறேன், நாசிம். அந்தப் பள்ளிக்காக வாசல்ல நிக்கிறேன்" என்றார். எங்கள் கையைப் பிடிக்கிறவர் பொதுக்குழுவைக் கேட்கிறார் என்று பொருள். பள்ளியை மூட விடமாட்டேன் என்று பொருள். அதற்கு மனமில்லாதவர்கள் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகலாம். தடுக்க மாட்டோம். முகத்தை மட்டும் பார்ப்போம்.

கோச்! நீங்கள் விட்டுப்போன காலை வேலையை இன்றிலிருந்து நாங்கள் செய்கிறோம். யாரையும் விட்டுவிட மாட்டோம்.

முசியே போமோன், மாடிக்குப் போகும் படியும் அந்த வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. ஓடில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.