சொந்தப் படைப்பு

எங்கள் கிர்கிஸ் ஊரில் தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றுவதில்லை. கால் கிண்ணம் ஊற்றி, தீரத் தீர மறுபடி ஊற்றுவோம். நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். புருல்சா அக்கா வீட்டில் மூன்று வருடம் வேலை செய்தேன். எனக்கு அவர் எப்போதும் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்.

அக்கா நாடக நடிகை. பக்கவாதத்தில் முகத்தின் இடப்பக்கம் தொங்கிப்போன பிறகு வெளியே போவதை விட்டுவிட்டார். வீட்டுக் கண்ணாடிகளைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தது நான்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். யாராவது பெயரைக் கேட்டால்கூட எனக்குப் பேச்சு வராது. "வாய்க்குள்ள போர்சோக் பணியாரத்த அடைச்சு வச்சிருக்கியா? முழுங்கிட்டுப் பேசுடி ஊமச்சி" என்பார். அவர் சொன்னால் வலிக்காது.

பேச வராததால் எழுதினேன். இணையத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் அக்காவுக்கு ஒரு பக்கம் தொடங்கினேன். அவர் 1986இல் இளவரசி வேடத்தில் எடுத்துக்கொண்ட படத்தைத் தேடிக் கொடுத்தார்.

"இந்த மூஞ்சியப் போடு. இப்ப இருக்கிறது என்னோடது இல்ல."

பதிவேற்றும்போது 'சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் நிர்வாகி ஒருவர் கேட்டிருந்தார்: "நீங்க பொறந்தது 2004னு போட்டிருக்கீங்க. எண்பத்தாறுல எப்படிம்மா படம் எடுத்தீங்க?" பிறகு பொறுமையாக விளக்கினார். படத்தின் உரிமை அதை எடுத்தவருடையது. எடுத்தவரோ எப்போதோ ரஷ்யாவுக்குப் போய்விட்டார், முகவரி இல்லை. அனுமதியில்லாத பழைய படத்தை இறந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்காக வைக்கலாம். உயிரோடு இருப்பவரைத்தான் யாரும் புதிதாக எடுக்கலாமே.

அந்த வாரம் ஒரு மதியம் அக்கா தூங்கும்போது எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. துடைத்தால் விழித்துவிடுவார் என்று துடைக்கவில்லை. இம்முறை 'சொந்தப் படைப்பு' பொய்யில்லை. யாரும் எங்கும் பயன்படுத்தலாம், தந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற வரிகளையும் படித்துவிட்டே சம்மதித்தேன். படத்தின் கீழே, எடுத்தவர்: உல்ஜான். பள்ளி வருகைப் பதிவேட்டைத் தவிர என் பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை.

மூன்றாம் நாள் பிஷ்கெக்கில் இருக்கும் தன் மகள் சொல்லி, அக்கா அதைப் பார்த்தார். திட்டவில்லை.

"எடுத்துடு கண்ணு."

என்னைக் கண்ணு என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

பதிவேற்றியவரே ஏழு நாளுக்குள் கேட்டால் மறுபேச்சில்லாமல் நீக்கிவிடுவார்கள். அதன்பின் கேட்டால் விவாதம். நான் எட்டாம் நாள் கேட்டேன். மூன்று பேர் பேசினார்கள். உரிமம் சரியாக இருக்கிறது, யாரும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற படம் வேறு இல்லை, இருக்கட்டும் என்று முடித்தார்கள்.

நாடக விழாவுக்கு அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சடித்துச் சந்தை வாசலில் கட்டினார்கள். "இளவரசிக்கு ஜொள்ளு ஊத்துது பாரு" என்றாள் ரொட்டி விற்பவள். பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். மூலையில் என் பெயரும் இருந்தது.

விஷயம் வீடு வரை வந்தது. அன்று மாலை அக்கா என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். மாத்திரைகளை நிறுத்திவிட்டிருந்தாராம். இறந்தவர்களுக்கான விதிவிலக்கு நினைவுக்கு வந்து, இளவரசி படத்தை வைக்கலாமா என்று நிர்வாகியைக் கேட்டேன். கட்டற்ற படம் ஒன்று இருக்கும்போது விதிவிலக்கு செல்லாது என்று வருத்தத்தோடு பதில் எழுதினார். "உங்க படமே நல்லாத்தானேம்மா இருக்கு" என்றும் எழுதியிருந்தார்.

நாள் கணக்கு தவறிவிட்டது என்று மகளிடம் சொன்னேன். படிக்காத பெண் என்று நம்பிவிட்டாள். நான் தினமும் தேதி போட்டு நோட்டில் எழுதுகிறவள். அந்தப் பக்கங்களை இன்றுதான் திரும்பப் படித்தேன். ஆறாம் நாளுக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் போதும்.