மேல் மாமாவுக்கும் ஒரு பொம்மை

என் பெயரையும் விலாசத்தையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டீர்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். மேற்படி வீட்டின் கீழ்த்தளத்தில் கணவர், மகள், கணவரின் தங்கை ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகளை வீட்டில் சிட்டு என்போம், இன்று அவளுக்கு ஆறாவது பிறந்த நாள். நாத்தனார் வீட்டில் இருந்தபடியே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை செய்கிறாள், இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர்களை மேல் வீட்டு மாமா, மேல் வீட்டு மாமி என்போம். என் கூடப் பிறந்தவனும் மாமாதான், தண்ணீர் கேன் போடுகிறவரும் மாமாதான், அப்படித்தான் பிள்ளைகளுக்குக் கூப்பிடச் சொல்லிக் கொடுக்கிறோம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார், எல்லாம் கெட்டது இதில்தான்.

சிட்டு தூங்குகிற அறையில் கூரையை ஒட்டி ஒரு பரண் இருக்கிறது. அதற்கு மரக்கதவு. உள்ளே வீட்டுக்காரரின் பழைய சாமான்கள் கிடப்பதாகச் சொல்லித்தான் வாடகைக்கு விட்டார். நாங்கள் அதைத் திறந்ததே இல்லை.

போன வாரம் பிறந்த நாளுக்கு என்ன கேக் வேண்டும் என்று கேட்டபோது என் மகள் பொம்மையும் கேட்கவில்லை, காரும் கேட்கவில்லை, "நம்ம வீடு கேக்கு. நம்ம வீட்ல இருக்கிற எல்லாரும் அதுல இருக்கணும்" என்றாள். கடையில் கொடுத்தால் தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்று நானே செய்வதாகச் சொன்னேன். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போன வருஷம் நான் செய்த யானை கேக்கைப் பார்த்து, பன்றி நன்றாக வந்திருக்கிறது என்று விருந்தாளிகள் பாராட்டியதுதான் காரணம்.

அதன் பிறகு முந்தாநாள் ஒத்திகைக்கு ஒரு கேக் சுட்டு, எறும்புக்குப் பயந்து சிட்டுவின் அறை அலமாரிக்கு மேல் ஆறவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாதியைக் காணவில்லை. யார் தின்றது என்று கேட்டதற்கு என் மகள், "மேல் மாமாவுக்குக் குடுத்தேன்" என்றாள். வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி. உடனே மாடிக்கு ஓடி மாமியிடம் சொன்னேன். மாமி அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "கண்ணால கூடப் பாக்கலம்மா, சத்தியமா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நாங்கள் யாரும் நம்பவில்லை. மாமி பிஸ்கட் டப்பாவைக்கூடப் பூட்டி வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு நேற்று கேக்கைக் கட்ட ஆரம்பித்தோம். கட்ட என்றுதான் சொல்ல வேண்டும், என் கணவர் ரசமட்டம் எல்லாம் எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். கீழே ஒரு சதுரக் கேக், அது எங்கள் வீடு. மேலே ஒரு சதுரக் கேக், அது மாடி. ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே வைத்தால் கீழே உள்ளது நசுங்கிவிடும் என்பதால், கீழ்க் கேக்கில் தடிமனான உறிஞ்சு குழல்களை வெட்டிச் செருகி, அதன் மேல் அட்டை வைத்து, அட்டை மேல் மாடியை ஏற்ற வேண்டும். குழலை நான் கேக் மட்டத்துக்கு வெட்டப் போனபோது சிட்டு கையைப் பிடித்துக்கொண்டு, "ஒட்டாதேம்மா, நடுவுல இடம் விடு" என்றாள். ஜாம் ஊற்றவா என்று கேட்டேன். "இல்ல, காலியா இருக்கணும்" என்று அழுது புரண்டாள். பிறந்த நாள் பிள்ளையை அழவைக்காதே என்று கணவர் சொன்னதால் இரண்டு விரல் உயரத்துக்குக் குழலை விட்டுவைத்தோம். வெளியே தெரியாதபடி கிரீமால் மூடினேன்.

அதன் பிறகு சர்க்கரை மாவில் பொம்மைகள் பிடித்தோம். நான், கணவர், சிட்டு, காதில் கறுப்பு ஹெட்போனோடு நாத்தனார். மாடிக்கு இரண்டு வேண்டும், மேல் மாமா, மேல் மாமி என்று சிட்டு சொன்னாள். வாத்தியாருக்கு வழுக்கைத் தலையும் கண்ணாடியும் வைத்தேன். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "மேல் மாமாவுக்குத் தாடி இருக்கும்மா" என்று சாக்லேட்டைத் துருவி முகம் முழுக்க அப்பினாள். மாமிக்குக் கொண்டை வேண்டாம், குட்டை முடி வை என்றாள். மாமாவின் ஒரு கையை மடக்கி வாயில் விரல் வைக்கச் சொன்னாள். திருட்டுத்தனமாகத் தின்கிறார் போலிருக்கிறது என்று நானும் நாத்தனாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தோம் சார். அதே அறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தோம்.

இன்று மாலை ஐந்தாறு பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் வந்திருந்தார்கள். கேக்கை சிட்டுவின் அறையில், ஜன்னல் பக்கம் மேஜை போட்டு வைத்திருந்தோம். மேல் வீட்டு மாமா குனிந்து பார்த்துவிட்டு, "யாருடீம்மா இந்தத் தாடிக்காரன்? எனக்குத் தலையிலயே முடி இல்ல, முகத்துல எங்கேர்ந்து வரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. "நீங்க மேல் வீட்டு மாமா. இவரு மேல் மாமா" என்றாள். சொல்லிவிட்டு, கேக்கின் மொட்டை மாடியில் நான் நிறுத்தி வைத்திருந்த அந்தப் பொம்மையை எடுத்து, நடுவில் இருந்த கிரீமை விரலால் நோண்டி, அந்த இடைவெளியில் படுக்கவைத்துத் தள்ளினாள். வீட்டில் அவளுடைய கட்டில் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே. வாயில் ஏன் விரல் என்று வாத்தியார் கேட்டார். "சத்தம் போடக் கூடாதுன்னு" என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் ஒரு மடச்சி. என் கணவருக்குத்தான் விளங்கியது. லிஃப்ட் வேலைக்காக இரண்டு மாடிக்கு நடுவில் ஆள் படுக்கிற இடத்தில் நாள் முழுக்கப் புழங்குகிற மனிதர். அவர் கேக்கைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கிப் பரண் கதவைப் பார்த்தார். அதில் கீழ்ப் பக்கம் எங்கள் கேக்கின் கிரீம் விரல் தடமாக ஒட்டியிருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எல்லோரும் முட்டி மோதியதில் மாடிக் கேக் சரிந்து நாத்தனார் தலையில் கொட்டியது.

அதன் பிறகு உங்களுக்குப் போன் செய்து, உங்கள் காவலர்கள் வந்து, நாற்காலி மேல் ஏறிக் கதவைத் திறந்து டார்ச் அடித்து இறங்கச் சொன்னார்கள். அந்த ஆள் தானாகவே இறங்கி வந்தான். ஒல்லியாக, தாடியோடு, நாங்கள் காணோம் என்று தேடிய போர்வையைப் போர்த்திக்கொண்டு. என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "கேக்கு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றான். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். அவனை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெளிப் படிக்கட்டுக்கு அடியில் பரணுக்கு இன்னொரு சின்னக் கதவு இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு இங்கே வந்தோம். உங்கள் பெண் காவலர் என் மகளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு, மத்தியானத்தில் கதை சொல்வானாம், பிஸ்கட் கேட்பானாம், மேலே விழவில்லை, தொடவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சாட்சி சொல்ல வாத்தியாரும் மாமியும் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்தக் கதவை உங்கள் ஆட்கள் உடைத்திருப்பதால், வீட்டுக்காரர் வரும் வரை நாத்தனார் மட்டும் வீட்டில் இருக்கிறாள். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது.

இல்லை சார், நிறுத்தாதீர்கள், இதையும் எழுதுங்கள். இப்போது என் கணவர் மடியில் இருந்த சிட்டு கையை விரித்துக் காட்டினாள். குட்டை முடி வைத்த அந்த மாமி பொம்மை. வீட்டிலிருந்து பொத்திக்கொண்டே வந்திருக்கிறாள், பாதி கரைந்துவிட்டது. மேல் வீட்டு மாமி வெளியேதானே இருக்கிறார், கொண்டு போய்க் கொடு என்றேன். என் மகள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். "இது அந்த மாமி இல்லம்மா. இது மேல் மாமி. அவங்க என் ரூம் பக்கம் வரவே மாட்டாங்க. குளிக்கிற ரூமுக்கு மேலதான் இருப்பாங்க. மாமா இல்லன்னா அவங்களுக்குக் கோவம் வரும்."

கதவைத் திறந்தபோது பார்த்தேன் சார், பரண் குளியலறைப் பக்கம் வளைந்து போகிறது. உங்கள் டார்ச் அந்த வளைவு வரைக்கும்தான் போனது, யாரும் உள்ளே ஏறிப் பார்க்கவில்லை. சற்று முன் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, தலையெல்லாம் ஒரே கிரீம், பிசுபிசுன்னு இருக்கு, குளிக்கப் போறேன், போன் எடுக்கலன்னா பயந்துடாதீங்க" என்றாள். இப்போது அடித்துப் பார்த்துவிட்டேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

மேலே உள்ளது முழுக்க என் வாயால் நான் சொன்னது, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாசித்துக் காட்டவெல்லாம் வேண்டாம். எங்கே கையெழுத்து? இதோ போட்டுவிட்டேன். வண்டியை எடுங்கள் சார்.

(ஒப்பம்)