வெறும் தட்டு அனுப்பும் வழக்கமில்லை

சாக்லேட்டை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பார்கள். வைத்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். ஆனால் ஆம்பூர் வெயிலில் வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும், வேறு என்னதான் செய்வது? அதனால் எங்கள் ஊரில் யார் வீட்டுச் சாக்லேட்டைப் பிரித்தாலும் அங்கங்கே வெள்ளையாகத்தான் இருக்கும். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

டீக்கு நன்றி சார். சர்க்கரை இல்லாமல் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், பரவாயில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன், ரைட்டர் அவசரப்பட வேண்டாம். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்வது பிடிக்காது.

என் பெயர் தௌசீப் அகமது. டேனரியில் ஃபினிஷிங் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. ஆட்டுத்தோலில் முள் கிழித்த கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் இருக்கும். அதைப் பசை வைத்து அடைத்து, நிறம் ஏற்றி, சூடான தகட்டில் அழுத்தி எடுத்தால் வாங்குகிறவன் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அது ஏமாற்று வேலை இல்லை, தொழில். என் விரல்களுக்கு அந்தப் பழக்கம் நன்றாகப் படிந்துவிட்டது.

என் மனைவி இரம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் குடும்பம். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிப்போய் ஒரு காலை எடுத்தார்கள். அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவன் நான்தான். மருமகன் செய்கிற வேலையா என்று தெருவில் எல்லாரும் மெச்சினார்கள். அதனால்தான் போன வருஷம் இரமுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, "பார்டர்ல இருக்கு, ஜாக்கிரதையா இருங்க" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தக் கால்தான் கண்முன்னே வந்தது. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே கைப்பையைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பயத்துல வாயெல்லாம் கசக்குதுங்க," என்றாள். சிரிப்பு வேறு.

வேலூரில் உணவு ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிப் போனேன். சின்னப் பெண், நல்ல பெண். அரிசியைக் குறைக்கச் சொன்னாள், கேழ்வரகு, சுண்டல், கீரை சாப்பிடச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். எல்லாம் சரி. கடைசியில் இரம் தயங்கித் தயங்கிச் சாக்லேட்டைப் பற்றிக் கேட்டாள்.

"ஒரேடியா நிறுத்தாதீங்கம்மா, ஆசை ஜாஸ்திதான் ஆகும். சாப்பாட்டுக்கு அப்புறம் கசப்பு சாக்லேட்ல ஒரே ஒரு துண்டு. கடிக்காம வாய்லயே கரைய விடுங்க, போதும்."

இரமின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த ஒரு துண்டுதான் உறுத்தியது. பள்ளிகொண்டா தாண்டுகிறவரை பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நாக்கு ருசி கண்டவர்களுக்கு ஒரு துண்டு எங்கே போதும்? படித்த பெண்தான், ஆனால் வெட்டிய காலுக்கு அவள் கட்டுப் போட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். சர்க்கரை, வெல்லம், பிஸ்கட், சர்பத் பாட்டில், விருந்தாளிக்கு வைத்திருந்த கற்கண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி மசூதி வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கிடையாது. கல்யாண பிரியாணிக்குப் போனாலும் அவள் தட்டில் கத்திரிக்காயும் ஒரு துண்டுக் கறியும் இருக்கும், சோறு இருக்காது. சாயங்காலத் தொழுகை நேரத்துக்கு அவளுக்கு அந்தச் சாக்லேட் ஆசை வரும். கை நடுங்குவதாகச் சொல்வாள். வறுத்த கடலை ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எத்தனை கணவன்மார் இப்படி உட்காருவார்கள், சொல்லுங்கள்.

அப்படியும் அவள் ஒளித்துவைத்தாள். அரிசி டப்பாவுக்குள், தையல் மிஷின் இழுப்பறையில், ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக் கவருக்கு அடியில். அவள் அண்ணன் உமர் ஃபாரூக் துபாயில் இருக்கிறார். அவர் அனுப்புகிற டப்பா இது, தங்கக் காகிதம் சுற்றிய உருண்டைகள். தின்றதுகூட எனக்குப் பெரிதில்லை சார். என்னிடம் மறைத்தாளே, அதுதான் மனசைச் சுட்டது. அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

நான் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கத்தினால் அவள் வேறு இடத்தில் ஒளிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சாக்லேட்டே அவளுக்கு வேண்டாம் என்று ஆக வேண்டும். டேனரியில் ஒரு பொடி உண்டு. அதன் பெயரை நேற்றே சொல்லிவிட்டேன். கொஞ்சம் உள்ளே போனால் குமட்டும், வாந்தி வரும், வயிறு காலியாகிவிடும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தங்கக் காகிதத்தைப் பிரித்து, வைக்க வேண்டியதை வைத்து, மேலே வழித்து மூடி, காகிதத்தைச் சுருக்கம் தெரியாமல் நகத்தால் நீவிவிட்டேன். அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்தது. அதைத்தான் முதலிலேயே சொன்னேனே, யாரும் கண்டுகொள்வதில்லை.

இரம் வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். "வாய்க்குள்ள துருப்புடிச்ச ஆணிய வெச்ச மாதிரி இருக்குங்க," என்பாள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. முதலில் எல்லா உருண்டையிலும் வைக்கவில்லை. எல்லாவற்றிலும் வைத்தால் யாரோ எதையோ கலந்தது தெரிந்துவிடுமே. ஆனால் அதனாலேயே முறை பலிக்கவில்லை. அவள் சாக்லேட்டைச் சந்தேகப்படாமல் தன் உடம்பைச் சந்தேகப்பட்டாள். கேன்சர் என்று நினைத்துக்கொண்டாள். வேலூருக்கு அழைத்துப் போய் ரத்தம், ஸ்கேன், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஆயிற்று. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். இரம் பக்கத்துத் தெருவில் பெண்களுக்குத் தையல் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தாள், அதை விட்டுவிட்டாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதும் நின்றது.

"நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

உடம்பு இளைத்தது. சர்க்கரையும் குறைந்தது. ஆனால் உடம்பு தேறினால் மறுபடியும் கறிவேப்பிலைக் கவருக்குக் கை போகும். அதனால் அடுத்த டப்பாவை அவள் ஒளித்த இடத்தில் கண்டுபிடித்ததும் எல்லா உருண்டையிலும் வைத்தேன், அளவையும் கூட்டினேன். இந்த ஒரு டப்பாவோடு அவளுக்கு வெறுத்துவிடும் என்று நினைத்தேன்.

இனி டேனியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வீடு. இரண்டு மொட்டைமாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஒரே வருஷம் டேனரியில் சேர்ந்தோம், பிறகு அவன் ஷூ கம்பெனிக்குப் போனான். இரண்டு வருஷமாக அவனுக்குக் கிட்னி வேலை செய்யவில்லை. டயாலிசிஸுக்கு அவனை வேலூருக்குக் கூட்டிப் போவதும் பல நாள் நான்தான். உப்பு கட், பழம் கட், சாக்லேட்டும் கட்.

"உன் பொண்டாட்டிக்காவது டாக்டரம்மா ஒரு துண்டு குடுத்தாங்க பாய். எனக்கு காகிதத்த மோந்து பாக்கக்கூட பர்மிசன் இல்ல," என்பான். "நிஷா எங்க ஒளிச்சு வெச்சாலும் நான் கண்டுபுடிச்சுடுவேன், அது வேற விசயம்." நிஷா அவன் மனைவி. அவளுக்கு இது தெரியாது. என்னிடம் மட்டும்தான் சொல்வான்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த கையோடு நிஷா தட்டு கொண்டுவந்தாள். கேக், முறுக்கு, அதிரசம். எங்கள் தெருவில் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பும் வழக்கமில்லை. ஈதுக்கு நாங்கள் அனுப்பினாலும் சரி, பண்டிகைக்கு அவர்கள் அனுப்பினாலும் சரி, தட்டில் ஏதாவது இனிப்பு வைத்துத்தான் கொடுப்போம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது வைப்போம். நிஷா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரம் சமையலறைக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. சர்க்கரை எங்கே இருக்கிறது, நான்தான் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டேனே.

கொஞ்ச நேரத்தில் துபாய் டப்பாவோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. ஒளிச்சு வெச்சிருந்தேன். இன்னும் ஒண்ணுகூட தொடல, சத்தியமா. இது வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது. நிஷாக்கிட்டயே குடுத்துடறேன், சனியன் ஒழியட்டும்."

எல்லாவற்றையும் தட்டில் கொட்டினாள்.

"ஐயோ அக்கா, இவ்ளோவா! அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்," என்று நிஷா சிரித்தாள். "நான் ஒளிச்சு வெச்சு, சண்டே கிளாஸ் புள்ளைங்களுக்குக் குடுத்துடறேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று இரம் கேட்பாள். கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. இல்லை, அப்போதே தோன்றியது. ஆனால் சொல்லியிருந்தால் அவள் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருப்பாள். இத்தனை மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அதன் பிறகு பிடிக்க மாட்டாள்.

"குடு, நல்ல காரியம்தானே," என்றேன். நிஷாவின் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. அதனால் கேட்டை நானே திறந்துவிட்டேன்.

மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டேனியல் உட்கார்ந்திருந்தான். மடியில் தங்கக் காகிதங்கள். வாயெல்லாம் சாக்லேட். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தான்.

"நிஷாக்கிட்ட சொல்லிடாத பாய். பண்டிக நாளு."

"சொல்ல மாட்டேன் டேனி," என்றேன்.

சாயங்காலமே அவனை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கார் ஓட்டியவன் நான். டாக்டர், "கடைசியா இன்னா சாப்ட்டார்?" என்று கேட்டார். இட்லி, ஒரு வாய் கேக் என்று நிஷா சொன்னாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"வேற எதாவது? ஒளிச்சு கிளிச்சு? சொன்னாதான் சார் நாங்க எதாவது பண்ண முடியும்."

அந்த நேரத்தில் டேனியல் கண் திறந்துதான் இருந்தான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா. வாக்கு என்றால் வாக்குதான்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். கட்டுப்பாடான ஆளு," என்றேன்.

மறுநாள் விடியும்போது போய்விட்டான். கிட்னிக்காரன் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்லறைவரை பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். ரொம்ப அழுதேன். அது நடிப்பில்லை சார், இருபது வருஷத்துக்கு மேலான தோஸ்த்.

மூன்றாம் நாள் நிஷா எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். மாடியில் காகிதங்களைப் பார்த்துவிட்டாள். "நான் சரியா ஒளிச்சு வெக்கலக்கா. நான்தான் அவர கொன்னுட்டேன்." உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் ஆறுதல் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். இரமும் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது நிஷா சொன்னாள்: "வாய்ல துருப்புடிச்ச ஆணி வெச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிக்கினே இருந்தாருக்கா."

இரமின் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மிச்சம் இருக்கிறதா என்று நிஷாவிடம் கேட்டாள். அவள் வீட்டு அலமாரியில் இரண்டு உருண்டை இருந்தது. அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் தடுக்கவில்லை. மெலிந்த உடம்பு, வெயிலில் போகிறாளே என்று ஆட்டோ பிடித்துக் கொடுக்கப் போனேன். அவள் ஏறவில்லை.

அவ்வளவுதான். பொடியை வைத்தது நான். தட்டைப் போகவிட்டது நான். டேனியல் தின்பான் என்று தெரிந்தே விட்டேன். ஆஸ்பத்திரியில் வாய் திறந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான், திறக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

இரம் இப்போது பேரணாம்பட்டில் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். யார் சமைத்ததையும் தொடுவதில்லையாம். தோலோடு வருவதைத்தான் சாப்பிடுகிறாளாம். அவித்த முட்டையைத் தன் கையால் உரிக்கிறாள், வாழைப்பழத்தைத் தன் கையால் உரிக்கிறாள், தண்ணீரைக்கூடத் தானே குழாயில் பிடித்துக் குடிக்கிறாள். அண்ணி கதவைத் தட்டி அழுதாலும் திறப்பதில்லையாம். கேட்டபோது எனக்கு மனசு லேசாயிற்று. நல்ல சாப்பாடுதான் சார். வாழைப்பழத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேவலை. யாராவது ஒருமுறை சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நார்மலுக்கு வந்திருக்கும்.